கையால கலந்தாதான் மாவு பொங்குமா? டீச்சர் பதில்கள்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல பசங்களோட ப்ராஜெக்ட் பத்திதான். ரிட்டயர் ஆகி வீட்ல உக்காந்தாலும் சயின்ஸ் டீச்சர விடமாட்டீங்க போல. சரி, வந்தத எல்லாம் ஒரே மூட்டையா கட்டி இந்த இதழ்ல அவிழ்த்துடறேன்.

டீச்சர், என் பொண்ணு ஏழாவது படிக்கறா. குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஸ்கூல்ல பேர் குடுத்திருக்கா. தலைப்பு அவளே யோசிச்சது: "மாவ கையால கலந்தாதான் பொங்குமா, கரண்டியால கலந்தா பொங்காதா?" எங்க மாமியார் மாவுல கரண்டிய விடவே விடமாட்டாங்க, அதுல ஆரம்பிச்சது இது. பொண்ணோட அப்பா "இதெல்லாம் ஒரு சயின்ஸா, சோலார் சிட்டி மாடல் பண்ணு, ரெண்டாயிரம் ஆனாலும் பரவால்ல ஆள் வச்சு பண்ணிடலாம்"ங்கறார். பொண்ணு மூஞ்சிய தூக்கி வச்சிட்டு இருக்கா. நான் யார் பக்கம் நிக்கறது?
*ஒரு அம்மா, ஈரோடு*

மாமியார் பக்கம்.

சும்மா சொன்னேன்மா. பொண்ணு பக்கம்தான் நிக்கணும், ஆனா மாமியாரையும் கூட்டு சேத்துக்கங்க. இந்த ஆராய்ச்சில அவங்கதான் எதிர்க்கட்சி, எதிர்க்கட்சி இல்லாத ஆராய்ச்சி உப்பு போடாத மாவு மாதிரி.

மொதல்ல அப்பாவுக்கு ஒரு விஷயம் சொல்லிடுங்க. குழந்தைகள் அறிவியல் மாநாடு மாடல் வைக்கற கண்காட்சி கிடையாது. 1993ல தேசிய அளவுல ஆரம்பிச்சது, 10 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு. நம்ம ஊர்ல தமிழ்நாடு அறிவியல் இயக்கம் எடுத்து நடத்தறாங்க. பசங்க அவங்க தெருவுல, வீட்ல, வயல்ல இருக்கற ஒரு விஷயத்த எடுத்து, அளந்து, எழுதி, தமிழ்லயே போய் நின்னு சொல்லணும், நடுவர் குறுக்க குறுக்க கேள்வி கேப்பாங்க. ஆள் வச்சு பண்ணின சோலார் சிட்டிய தூக்கிட்டு போய் நிக்கற புள்ள, "இந்த வயர் எதுக்குமா?"னு கேட்ட உடனே பின்னாடி திரும்பி அப்பா மூஞ்சிய பாக்கும். நான் எத்தன தடவ பாத்திருக்கேன்! பாவம், அந்த நேரத்துல அப்பாவும் செல்போன பாத்துட்டு இருப்பார்.

உங்க பொண்ணோட கேள்வி எவ்வளவு நல்ல கேள்வினு பாருங்க. சமையல் தெரிஞ்ச எல்லார்கிட்டயும் இதுக்கு ஒரு பதில் இருக்கு, யாரும் அளந்து பாத்தது இல்ல. செலவு கிடையாது. ஒரே ராத்திரில ரிசல்ட் வந்துடும். தப்பா போனா தோசை ஊத்தி சாப்டுடலாம்.

எப்படி பண்றதுனு நான் முழுசா சொன்னா அது என் ப்ராஜெக்ட் ஆயிடும், அதனால பாதிதான் சொல்வேன். ஒரே மாவு, ஒரே தடவ அரைச்சது, அத ரெண்டா பிரிச்சு ஒண்ண கையால கலக்கணும், இன்னொண்ண கரண்டியால, உப்பு ரெண்டுக்கும் ஒரே அளவு. நேரா நிக்கற ஒரே மாதிரி கண்ணாடி டம்ளர் ரெண்டு எடுத்து பாதி வரைக்கும் ஊத்தி, மாவு மட்டத்துல வெளிய ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிடணும். அப்புறம் ரெண்டு மணிக்கு ஒருதரம் மாவு எவ்வளவு ஏறியிருக்குனு ஸ்கேல் வச்சு அளந்து நோட்ல எழுதணும். சாயங்காலம் அரைச்சா நடுராத்திரி எந்திரிக்க வேண்டி வரும், அதனால சனிக்கிழம காலைல அரைங்க. டம்ளர ஆட்டக்கூடாது, ஆட்டினா உள்ள இருக்கற காத்து போய் மாவு இறங்கிடும்.

இங்க ஒரு பொறி இருக்கு, அத அவளே மிதிக்கட்டும். மாவு பொங்கறது நுண்ணுயிரிங்க மாவ தின்னுட்டு கரியமில வாயு விடறதால, அதுங்களுக்கு வெதுவெதுனு 30 டிகிரி பக்கத்துல இருந்தா கொண்டாட்டம், குளிர்ல தூங்கிடும். அப்ப ஒரு டம்ளர் அடுப்பு பக்கத்துலயும் இன்னொண்ணு ஜன்னல் ஓரமாவும் இருந்தா என்ன ஆகும்? ஜெயிச்சது கையா அடுப்பா? மொதல் வாரம் அவ இத கவனிக்காம வச்சா நீங்க வாய தொறக்காதீங்க, கஷ்டம்தான், ஆனாலும் தொறக்காதீங்க. ரெண்டாவது வாரம் வேற மாதிரி ரிசல்ட் வந்து மண்டைய சொறிவா பாருங்க, ஒரு பாடம் முழுக்க நடத்தினாலும் வராத விஷயம் அங்க வரும்.

பாட்டிக்கு ஒரு வேலை இருக்கு. எது கை, எது கரண்டினு பொண்ணு ஒரு சீட்டுல எழுதி டம்ளர் அடில ஒட்டிடட்டும், பாட்டி மாவ பாத்து, மோந்து பாத்து, வேணும்னா தோசை ஊத்தி தின்னு பாத்து எதுனு சொல்லட்டும். மூணு வாரம், மூணு தடவ. பாட்டி மூணு தடவையும் சரியா சொன்னா, அத மட்டும் வச்சு ஒரு முடிவுக்கு வந்துடலாமானு பொண்ண கேளுங்க. குத்துமதிப்பா சொன்னாக்கூட எட்டுல ஒரு வாய்ப்பு இருக்கே.

கையா கரண்டியானு எனக்கு ஒரு பதில் தெரியும். இங்க எழுதமாட்டேன். உங்க பொண்ணு இந்தப் பக்கத்த படிப்பா.

என் பையன் போன வருஷம் அறிவியல் மாநாட்டுக்கு போய் மாவட்ட அளவோட திரும்பி வந்துட்டான். ஒரு வாரம் யார்கிட்டயும் பேசல. மார்க்கும் இல்ல, பரிசும் இல்ல, நாலு மாசம் போச்சு. இதுல பையனுக்கு என்ன லாபம் டீச்சர், நேராவே கேக்கறேன்.
*ஒரு அப்பா, கரூர்*

நேரா கேட்டதுக்கு நன்றி. நானும் ஒரு கதைய நேரா சொல்றேன்.

எட்டாம் வகுப்பு பொண்ணுங்க ரெண்டு பேர் என்கிட்ட "தண்ணீர் சேமிப்பு"னு தலைப்போட வந்தாங்க. உள்ள ஒண்ணும் இல்ல, வாசகம்தான், "நீரின்றி அமையாது உலகு" சார்ட்ல பெருசா எழுதியிருந்துச்சு. சரி, நம்ம ஸ்கூல்ல தண்ணி எங்கடி வீணாகுதுனு கேட்டேன். கை கழுவற இடத்துல குழாய் சொட்டுது டீச்சர்னு ஒருத்தி சொன்னா. எவ்வளவு சொட்டுது? ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

அடுத்த நாள் ஒரு 200 மில்லி டம்ளர கொண்டு வந்து குழாய் கீழ வச்சாங்க. அது நிறையறதுக்கு 25 நிமிஷம் ஆச்சு. நிமிஷத்துக்கு 8 மில்லி. ஒரு நாளைக்கு 1,440 நிமிஷம், பெருக்கினா பதினொன்றரை லிட்டர். ஒரே குழாய்ல! கணக்கு பாடத்துல பெருக்கல்னா ஓடற பொண்ணு அது, அன்னைக்கு மூணு தடவ பெருக்கி பாத்தா, நம்ப முடியாம. அப்புறம் ஏழு குழாயையும் அளந்தாங்க, மூணு சொட்டுச்சு. நானா சொல்லி வச்ச வேல இல்ல, இன்டர்வெல் மணி அடிச்சா டம்ளரோட ஓடிடுவாங்க, மத்த புள்ளைங்க கிண்டல் பண்ணும்.

மாவட்டத்துல நடுவரா வந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார். "ராத்திரியும் இதே மாதிரி சொட்டுமா? டேங்க்ல தண்ணி குறைஞ்சா சொட்டற வேகமும் குறையாதா?" எனக்கு பக்குனு ஆயிடுச்சு, ஏன்னா எனக்கே அது தோணல. அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் நின்னா. "தெரியல சார். ராத்திரி நாங்க அளக்கல. 24 மணி நேரத்தால பெருக்கினது தப்பா இருக்கலாம்"னு சொன்னா.

மாநிலத்துக்கு தேர்வாகல. பஸ்ல வரும்போது ரெண்டும் அழுதுச்சுங்க, நான் ஆளுக்கு ஒரு முறுக்கு வாங்கி குடுத்தேன், அதுக்கு மேல எனக்கும் என்ன பண்றதுனு தெரியல. ஆனா அடுத்த திங்கக்கிழம பாத்தா வாட்ச்மேன் தாத்தா கைல டம்ளரும் ஒரு துண்டு சீட்டும் இருக்கு, ராத்திரி எத்தன மணிக்கு நிறையுதுனு எழுத சொல்லி குடுத்துட்டு போயிருக்குங்க. போட்டி முடிஞ்சு போச்சு, மார்க் கிடையாது, யாரும் கேக்கல. அந்த சீட்ட எடுத்துட்டு ரெண்டு பேரும் எச்எம் ரூமுக்கு போய் நின்னாங்க. அதுவரைக்கும் அந்த ரூம் வாசல்ல நிக்கவே பயப்படற பொண்ணுங்க. ஒரு வாரத்துல மூணு குழாய்க்கும் வாஷர் மாத்தினாங்க.

"தப்பா இருக்கலாம்"னு எல்லார் முன்னாடியும் சொல்ல எனக்கு நாப்பது வயசு ஆச்சு. அந்தப் பொண்ணுக்கு பதிமூணு.

உங்க பையன் ஒரு வாரம் பேசலன்னா அது அவனுக்கு முக்கியமா இருந்திருக்குனு அர்த்தம். நடுவர் என்ன கேட்டாங்க, அதுக்கு இப்ப பதில் சொல்ல முடியுமானு மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது மெதுவா கேட்டு பாருங்க. பரிசு பத்தி பேசாதீங்க.

நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர். 38 பிள்ளைங்க, 40 நிமிஷ பீரியட், மாசக் கடைசில போர்ஷன் முடிச்சிருக்கணும். பிள்ளைங்களே கேள்வி கேட்டு பிள்ளைங்களே தேடணும்னு பயிற்சிக்கு போனா சொல்றாங்க, திரும்பி வந்தா ரெக்கார்டு எழுதவே நேரம் இல்ல. நடக்கற காரியமா சொல்லுங்க.
*ஒரு ஆசிரியர், விழுப்புரம்*

சார், உங்க எரிச்சல் நியாயமானது. பயிற்சி குடுக்கறவங்க பல பேர் 38 புள்ளைங்கள ஒரே ரூம்ல பாத்து ரொம்ப நாள் ஆயிருக்கும்.

நடந்த கதை ஒண்ணு இருக்கு. மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் மாவட்டம் (இப்ப நர்மதாபுரம்). 1972ல 16 கிராமத்துப் பள்ளிகள்ல சயின்ஸ் பாடத்த புது மாதிரி நடத்த ஆரம்பிச்சாங்க, கிஷோர் பாரதினு ஒரு அமைப்பும் ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் சேந்து. ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும். புத்தகத்துல விடையே இருக்காது, செஞ்சு பாரு, எழுது, பக்கத்துல இருக்கறவனோட ஒப்பிட்டு பாருன்னுதான் இருக்கும். பரீட்சைல புத்தகத்த தொறந்து வச்சே எழுதலாம், செய்முறையும் உண்டு. அப்புறம் 1982ல ஏகலவ்யா அமைப்பு வந்து எடுத்துக்கிச்சு, பரவி பரவி ஆயிரம் பள்ளி வரைக்கும் போச்சு. 2002ல மாநில அரசு நிறுத்திடுச்சு, அது தனி வயித்தெரிச்சல். நான் சொல்ல வந்தது சவாலிராம் பத்தி. அப்படி ஒரு ஆளே கிடையாது, கற்பனை பேர், சவால்னா இந்தில கேள்வி. பசங்க மனசுல தோணினத எல்லாம் சவாலிராமுக்கு லெட்டரா எழுதுவாங்க, பதில் வரும். கேள்வி கேட்டா அதுக்கு ஒரு முகவரி இருக்குனு அந்தப் பிள்ளைங்களுக்கு தெரிஞ்சுது பாருங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சுது.

நம்ம ஊரு செயல்வழிக் கற்றலையும் நீங்க மறந்திருக்க மாட்டீங்க. ஆந்திராவுல இருக்கற ரிஷிவேலி பள்ளில, கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறைய பாத்துட்டு வந்து 2003ல சென்னை மாநகராட்சில 13 பள்ளிகள்ல தொடங்கினது, 2007-08ல மாநிலம் முழுக்க வந்துடுச்சு. எதுக்கு அப்புறம் எதுனு காட்டற ஏணிப்படி, அட்டை, பாய்ல உக்காந்து படிக்கறது, புள்ளைங்க உயரத்துக்கு தாழ்வா கரும்பலகை, எல்லாம் எனக்கு ரொம்ப பிடிச்சுது. அவங்கவங்க வேகத்துல போகலாம். ஆனா ஒண்ணு, வேகம்தான் புள்ளையோடது, அடுத்த அட்டை என்னன்னு ஏற்கனவே யாரோ எழுதி வச்சாச்சு. கேள்வி புள்ளையோடது இல்ல. 2012-13ல முப்பருவ முறை வந்து வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது புள்ளைங்க வகுப்புல செய்யற வேலைக்கு, 40 மார்க் ஒதுக்கினப்பவும் எனக்கு பெரிய ஆசை, புள்ளைங்க தானா தேடுவாங்கனு. என்ன ஆச்சுனு உங்களுக்கு நான் சொல்லணுமா? ஸ்டேஷனரி கடைல பத்து ரூபாய்க்கு ப்ராஜெக்ட் பேப்பர் தொங்க ஆரம்பிச்சுது, புள்ளைங்க பேர் மட்டும் எழுதினாங்க.

அதனால உங்ககிட்ட புதுசா திட்டம் எதுவும் சொல்லப்போறதில்ல. ஒரு அட்டைப்பெட்டி வைங்க, பேர் எழுதணும்னு கட்டாயம் இல்ல, கேள்விய எழுதி போட்டா போதும். வாரத்துல ஒரு பீரியட்ல கடைசி பத்து நிமிஷம் ரெண்டு சீட்டு எடுங்க. படிச்சுட்டு பதில் சொல்லாதீங்க, கை அரிக்கும், சொல்லாதீங்க. இதுக்கு பதில் புத்தகத்துல இருக்குமா, நாமளே அளந்து பாக்கலாமா, இல்ல யாரையாவது போய் கேக்கணுமானு வகுப்பையே பிரிக்க விடுங்க. "கடவுள் எங்க இருக்கார்"னு ஒரு சீட்டு வரும், கண்டிப்பா வரும், சிரிக்காம தனியா எடுத்து வைங்க. அளக்கற மாதிரி வர்ற கேள்விய யார் கேட்டாங்களோ அவங்ககிட்டயே குடுத்து ரெண்டு வாரம் டைம் குடுங்க. ஆறு ஏழு எட்டுக்கு 2022 நவம்பர்ல இருந்து அரசுப் பள்ளிக்கே வந்து சோதனை செஞ்சு காட்டற வானவில் மன்றம் இருக்கே, பொருளோட ஆள் வரும்போது அவங்க காட்டற சோதனைய பாக்கறது மட்டும் இல்லாம இந்த சீட்ட எடுத்து நீட்டுங்க. வர்ற இளைஞர்கள் நிறைய பேர் இதுக்கு ஏங்கிட்டு இருப்பாங்க.

இன்னொண்ணு, போர்ஷனோடயே ஓடும். ஆளுக்கு ஒரு மரம். ஸ்கூல் வாசல் வேம்பு, கோயில் அரசமரம், எதுவா இருந்தாலும் சரி, வாரம் ஒருதரம் இலை துளிர்த்திருக்கா, பூ இருக்கா, காய் இருக்கானு எழுதணும். சீசன்வாட்ச்னு நாடு முழுக்க மாணவர்கள் இத செய்யறாங்க, அதுல பதிவும் பண்ணலாம். தாவரவியல் பாடம் வரும்போது 38 மரத்தோட கணக்கு உங்க வகுப்புல இருக்கும். எங்க மரம் ஏன் இன்னும் பூக்கல டீச்சர்னு ஒருத்தன் அழுதே இருக்கான் என்கிட்ட.

ஒன்பதாவது படிக்கற பையன். எந்நேரமும் பறவை. லீவு விட்டா வேடந்தாங்கல். மார்க் எழுபதுல இருந்து ஐம்பத்தஞ்சுக்கு வந்துடுச்சு. பைனாகுலர பிடுங்கி பீரோல வச்சுட்டேன். சரியா தப்பா?
*ஒரு அப்பா, செங்கல்பட்டு*

தப்பு. பீரோவ தொறங்க.

ஆனா பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி கதைய எல்லாம் சொல்லி உங்கள சமாதானப்படுத்த மாட்டேன், பறவை பாக்கற எல்லா பையனும் சலீம் அலி ஆகப்போறதில்ல, அடுத்த வருஷம் பத்தாவது பொதுத்தேர்வு இருக்கு, அதுவும் நிஜம். அவன்கிட்ட நோட்டு இருக்கானு கேளுங்க. வெறுமன பாத்துட்டு வந்து "சூப்பர்ப்பா"னு சொன்னா அது பொழுதுபோக்கு, இருக்கட்டும், அதுலயும் தப்பில்ல. தேதி, நேரம், என்ன பறவை, எத்தனனு எழுதறான்னா விஷயம் வேற. நத்தைக்குத்தி நாரை இந்த வருஷம் எந்த தேதில வந்துச்சு, போன வருஷம் எப்ப, அந்த ரெண்டு வருஷமும் மழை எப்ப பேஞ்சுதுனு மூணு வரிசை போட்டான்னா அங்க கணக்கும் புவியியலும் தானா வந்து உக்காரும். பொங்கல் லீவுல தமிழ்நாடு முழுக்க பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது, 2015ல இருந்து. ஒரு இடத்துல கால் மணி நேரம் நின்னு எண்ணி இபேர்ட் தளத்துல ஏத்தணும், அவ்வளவுதான். வீட்டு மொட்டை மாடில இருந்தே பண்ணலாம். இந்த வருஷம் நீங்களும் கூட போய் நில்லுங்க. எண்ற வேலைய அவன் பாக்கட்டும், எழுதற வேலைய நீங்க பாருங்க, அதிகாரம் கொஞ்ச நேரம் கை மாறினா ரெண்டு பேருக்கும் நல்லது.

படிப்புக்கு நேரம் ஒதுக்கறத அவனே ஒரு பேப்பர்ல போட்டு கொண்டு வரட்டும். நீங்க போட்டு குடுத்தா அது உங்க டைம்டேபிள்.

ப்ளஸ் ஒன் படிக்கறேன் மிஸ். எல்லாரும் உன் பேஷன கண்டுபிடினு சொல்றாங்க. எனக்கு எதுலயும் பெருசா ஆர்வம் இல்ல. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் டான்ஸ், கோடிங்னு இருக்காங்க. என்கிட்ட ஏதோ குறையோனு இருக்கு.
*ஒரு மாணவி, தூத்துக்குடி*

உன்கிட்ட குறை இல்ல கண்ணு. பதினாறு வயசுல பேஷன் இல்லாதது வியாதி இல்ல, எனக்கு அந்த வயசுல தூக்கம்தான் பேஷன். ஆர்வம் வரலன்னா எரிச்சல்ல இருந்து ஆரம்பி. தினமும் உன்ன எது கடுப்பேத்துது? பஸ் லேட்டா வருதா? ஒரு மாசம் அது எத்தன மணிக்கு வருதுனு நோட்ல எழுதிட்டே வா. பாதிலயே போரடிச்சா விட்டுடு, குத்தமே இல்ல. போரடிக்கலன்னா எனக்கு எழுது, எந்த நாள்ல எவ்வளவு லேட்டுனு பாக்க எனக்கு ஆசையா இருக்கு.

ப்ராஜெக்டுக்கு பசங்க செல்போன்ல ஏஐகிட்ட கேட்டு எழுதறாங்க. தடுக்கலாமா?
*ஒரு அம்மா, மதுரை*

தடுக்க முடியாதுங்க, தடுத்தா பக்கத்து வீட்டு போன்ல கேப்பாங்க. உங்க வீட்டு குழாய் எவ்வளவு சொட்டுதுனு அதுக்கு தெரியாது, அந்த மாதிரி கேள்வியா எடுக்க சொல்லுங்க. அளந்ததுக்கு அப்புறம் அதுகிட்ட போய் கேக்கட்டும், அப்ப அது தப்பா சொன்னா இவங்களுக்கே தெரியும்.

டீச்சர் பல்லி ஏன் டியூப்லைட் கிட்டயே இருக்கு. அதுக்கு சுடாதா. கீழ விழாதா.
*நாலாம் வகுப்பு, திருவண்ணாமலை (அம்மா எழுதிக் குடுத்ததுன்னு கீழ எழுதியிருக்கு, ஆனா கையெழுத்து உன்னோடதுதான், எனக்கு தெரியும்)*

இந்த மாசத்துல வந்ததுல நல்ல கேள்வி இதுதான். மூணு கேள்வி கேட்டிருக்க, மொதல் கேள்விய மட்டும் இப்ப எடுப்போம். இன்னைக்கு ராத்திரி லைட் போட்டு, பல்லி வந்த உடனே பத்து நிமிஷம் பாரு. எத்தன பூச்சி லைட் கிட்ட வந்துச்சு, பல்லி எத்தன பூச்சிய பிடிச்சுது, ரெண்டையும் எழுது. நாளைக்கு வேற ரூம்ல லைட் போட சொல்லு, பல்லி எங்க போகுதுனு பாரு. அம்மா கரண்ட் பில்லுக்கு திட்டினா டீச்சர் சொன்னாங்கனு சொல்லிடு. எழுதினத எனக்கு அனுப்பு. பல்லிக்கு பேர் வச்சிருந்தா அதையும் சேத்து எழுது.